கிராஸ்பியா, ஒவெச்கினா: உச்சத்தில் இருந்தபோது யார் மேல்?

பனித்தரை

2025 ஏப்ரல் 6 அன்று, வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லில், ஐலண்டர்ஸ் அணிக்கு எதிராக வாஷிங்டனின் ஒவெச்கின் தன் 895-ஆவது கோலை அடித்தார். அன்றிலிருந்து எங்கள் நண்பர் வட்டத்தில் பிட்ஸ்பர்க் பென்குவின்ஸின் கிராஸ்பி பேச்சையே எடுக்க முடியவில்லை. எடுத்தால் "895" என்று ஒரே சொல்லில் வாயை அடைத்துவிடுகிறார்கள். அதுவரை சாதனையாக இருந்த கிரெட்ஸ்கியின் 894-ஐத் தாண்டிய மனிதர், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அது இருபது வருடக் கூட்டல். நான் கேட்பது வேறு. இரண்டு பேரும் அவரவர் உச்சத்தில் இருந்த காலத்தை மட்டும் வெட்டி எடுத்து அருகருகே வைத்தால் யார் மேல்?

ஒவெச்கினின் உச்சம் எது என்பதில் பெரிய சண்டை வராது என்று நினைக்கிறேன். 2007-08, 2008-09, 2009-10 ஆகிய மூன்று சீசன்கள். 233 ஆட்டங்களில் 171 கோல், 331 புள்ளி. ஆட்டத்துக்கு 1.42.

கிராஸ்பியின் உச்சம்தான் சிக்கல். என் கணக்கில் அது 2010 அக்டோபரில் தொடங்குகிறது. 2011 ஜனவரியில் தலையில் அடிபட்டு உடைகிறது. பிறகு துண்டு துண்டாக 2013 மார்ச் வரை வருகிறது. அந்த மூன்று சீசன்களில் அவர் ஆடியது 41, 22, 36 ஆட்டங்கள். மொத்தம் 99. எடுத்த புள்ளிகள் 66, 37, 56. மொத்தம் 159. ஆட்டத்துக்கு 1.61.

நான் கிராஸ்பி கட்சி. முன்பே சொல்லிவிடுகிறேன், நடுநிலை வேஷம் போடத் தெரியாது.

இடதுவட்டம்

அண்ணா, வராத விருந்தாளிக்கு இலை போட்டுவிட்டு, அவர் எவ்வளவு சாப்பிட்டார் என்று கணக்கு எழுதுகிறீர்கள்.

99 ஆட்டம் என்பது ஒரு சீசனும் கொசுறும். அதை மூன்று வருடத்தில் பொறுக்கிச் சேர்த்து "உச்சம்" என்று பெயர் வைத்தால், யாருக்கு வேண்டுமானாலும் அப்படி ஒன்றைச் செய்துவிடலாம். உச்சம் என்றால் அக்டோபரில் ஏறி ஏப்ரல் வரை இறங்காமல் நிற்கவேண்டும். 82 ஆட்டம், எதிரணி டிஃபென்ஸ்மேன்கள் மாற்றி மாற்றி இடிக்க, நள்ளிரவு விமானம், மறுநாள் இன்னொரு ஊர், அப்புறமும் அடிப்பது.

2007-08-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 82 ஆட்டமும் ஆடினார். 65 கோல். அதற்கு முன் 1995-96-இல் லெமியூவும் யாகரும் 60-ஐத் தொட்டதோடு சரி, இடையில் யாரும் 60-ஐத் தொடவில்லை. அந்த வருடம் இரண்டாவதாக வந்த கோவல்சுக் 52. பதின்மூன்று கோல் இடைவெளி! லெஃப்ட் விங் ஆட்டக்காரர் ஒருவர் ஒரே சீசனில் அடித்த அதிக கோல் அதுவரை லூக் ரோபிடாயின் 63. அதுவும் போயிற்று. ஹார்ட் (அணிக்கு மிக மதிப்புள்ள ஆட்டக்காரர்), ஆர்ட் ராஸ் (அதிக புள்ளி), ராக்கெட் ரிஷார் (அதிக கோல்), ஆட்டக்காரர்களே வாக்களித்துத் தரும் பியர்சன் என்று நான்கு விருதும் ஒரே ஆளுக்கு.

மான்ட்ரியலுக்கு எதிரான அந்த ஜனவரி ஆட்டத்தை யாராவது பார்த்தீர்களா? மூக்கு உடைந்தது, உதட்டில் தையல். நான்கு கோல், ஒரு அசிஸ்ட். ஓவர்டைமில் வெற்றிக் கோலும் அவருடையதே. அந்த மாதம்தான் 13 வருடத்துக்கு 124 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். கொடுத்த காசு ஒரே ராத்திரியில் வட்டியோடு திரும்பிவந்த மாதிரி இருந்தது.

கோவில்பட்டிக்காரன்

மன்னிக்கவும், தலைப்பில் ஹாக்கி என்ற பிரிவைப் பார்த்து தன்ராஜ் பிள்ளை பற்றிய பேச்சு என்று ஓடிவந்தேன். உள்ளே வந்தால் ஒரே பனி. சரி, வந்தது வந்தாயிற்று. பக் என்பது பந்து மாதிரி என்று வைத்துக்கொண்டு படிக்கிறேன். இந்தப் "புள்ளி" எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

பனித்தரை

வாருங்கள் ஐயா! கோல் அடித்தால் ஒன்று, கோலுக்குக் கடைசியாக பக்கைக் கொடுத்த இருவருக்கும் ஆளுக்கொன்று. அவ்வளவுதான். ஒவெச்கின் அடிப்பவர். கிராஸ்பி அடிக்கவும் செய்வார், கொடுக்கவும் செய்வார். சண்டையே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இடதுவட்டம் தம்பிக்கு: 65 கோலை நான் எங்கே குறைத்துச் சொன்னேன்? ஆனால் கோல் மட்டும் பார்த்தாலும் கதை அவ்வளவு எளிதில்லை. 2010-11-இல் கிராஸ்பி 41 ஆட்டத்தில் 32 கோல். அதே வேகத்தில் முழு சீசன் ஓடியிருந்தால் 64. அதில் நவம்பர் தொடக்கத்திலிருந்து டிசம்பர் கடைசி வரை தொடர்ந்து 25 ஆட்டங்களில் புள்ளி எடுத்தார். அந்த 25-இல் 26 கோல், 24 அசிஸ்ட், சரியாக 50 புள்ளி. சென்டர் ஆட்டக்காரர் ஐயா அவர். ஃபேஸ்ஆஃப் (நடுவர் பக்கைப் போட்டதும் இருவர் அதற்கு மோதுவது) எடுக்கவேண்டும், சொந்த கோல் வரை இறங்கி வந்து தடுக்கவேண்டும், அதற்கு மேல் இது.

அந்த வருடம் லீக் முழுவதும் 50 கோலைத் தொட்டவர் கோரி பெர்ரி ஒருவர்தான். புள்ளியில் முதலாவது டேனியல் செடின், 104. பாதி சீசனோடு நின்றுபோன கிராஸ்பிதான் கடைசிவரை பென்குவின்ஸ் அணியில் அதிக புள்ளி எடுத்தவர். மிச்சம் 41 ஆட்டத்தில் ஒருவராலும் 66-ஐ எட்டமுடியவில்லை.

கோலிக்காரன்

நான் ஞாயிறு இரவு லீக்கில் கோல் காக்கிறவன். நாற்பது வயதில் முழங்கால் வலியோடு. அதனால் கோலி பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்.

ஒவெச்கின் எங்கே நிற்பார் என்று உலகத்துக்கே தெரியும். பவர் பிளேயில் (எதிரணியில் ஒருவர் தண்டனையில் வெளியே இருக்கும் நேரம்) இடது வட்டம். இந்தத் தம்பி பெயராக வைத்திருக்கிறாரே, அதே இடம். எதிரில் இருந்து பக் வரும், நிறுத்தமாட்டார், வந்த வேகத்திலேயே வெளுப்பார். கோலிக்குத் தெரியும், டிஃபென்ஸ்மேனுக்குத் தெரியும், கூரையோர இருக்கையில் பாப்கார்ன் தின்கிறவனுக்கும் தெரியும். ஆனாலும் உள்ளே போகும். 2008-09-இல் 528 ஷாட் எடுத்தார். ஒரே சீசனில் இதைவிட அதிகம் எடுத்தவர் எஸ்பொசிட்டோ மட்டும், 1970-71-இல் 550.

கிராஸ்பி எங்கே இருப்பார் என்று தெரியாது. அதுதான் வித்தியாசம். கோலுக்குப் பின்னால் பலகையோரம் பக்கை வைத்துக்கொண்டு, பின்புறத்தைக் காட்டியபடி, இரண்டு பேரை முதுகில் சுமந்துகொண்டு சுற்றுவார். கோலி எந்தத் தூணைக் கட்டிப்பிடிப்பது? பேக்ஹேண்டில் அடிப்பார். பேக்ஹேண்ட் ஷாட் மட்டையிலிருந்து எப்போது கிளம்பும், எந்த உயரத்தில் வரும் என்று கணிப்பது எங்களுக்கு எப்போதுமே கஷ்டம்.

என்னைக் கேட்டால் ஒவெச்கினிடம் கோல் வாங்கினால் அவமானம் இல்லை. கிராஸ்பியிடம் வாங்கினால் நாம் முட்டாள் மாதிரி தெரிவோம்.

கோவில்பட்டிக்காரன்

இது எனக்குப் புரிகிறது! எங்கள் ஹாக்கியில் பாகிஸ்தானின் சொகைல் அப்பாஸ் இப்படித்தான். பெனால்டி கார்னர் என்றால் டிராக் ஃபிளிக், இடது மூலையா வலது மூலையா என்பது மட்டுமே கேள்வி. 348 சர்வதேச கோல். தன்ராஜுக்கு அந்த எண்ணிக்கை பக்கத்தில்கூட வராது. ஆனால் பந்து தன்ராஜ் மட்டைக்கு வந்தால் மைதானத்தில் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். எங்கள் ஊர் டீக்கடையில் யார் பெரியவர் என்று கேட்டால் பதில் சொல்லவே தேவையில்லை, எண்ணிக்கையை யாரும் பார்ப்பதில்லை.

இடதுவட்டம்

ஐயா, நீங்களும் அந்தக் கட்சியில் போய்ச் சேர்ந்துவிட்டீர்களே!

ஒரு திருத்தம். இளவயது ஒவெச்கின் இடது வட்டத்தில் நின்று காத்திருக்கிறவர் இல்லை. அது பிற்காலத்து ஒவெச்கின். 2008-இல் அவர் ஓடிவருவதைப் பார்த்தால் மாடு அவிழ்த்துவிட்ட மாதிரி இருக்கும். தன் பாதியிலேயே பக்கை எடுத்து, இடதுபக்கமாக இறங்கி, டிஃபென்ஸ்மேனின் கால்களுக்கு நடுவே பக்கைத் தள்ளி, அவரையே மறைப்பாக வைத்து அடிப்பார். அப்புறம் போகிறபோக்கில் ஒருவரைப் பலகையோடு சேர்த்து இடித்துவிட்டுப் போவார். கோல் அடிக்கிறவர்களில் அப்படி இடிக்கிறவர் யார் இருந்தார்கள்?

முதல் வருடத்திலேயே, 2006 ஜனவரியில், ஃபீனிக்ஸில் முதுகில் விழுந்து சறுக்கிக்கொண்டே, கோலைப் பார்க்காமல் தலைக்கு மேலே மட்டையை நீட்டி ஒன்று அடித்தாரே! எதிரணிப் பயிற்சியாளராக நின்று அதைப் பார்த்தவர் யார் தெரியுமா? கிரெட்ஸ்கி.

ஓரத்து இருக்கை

மகனைக் காலை ஆறு மணிப் பயிற்சிக்கு அரங்கத்துக்குக் கூட்டிப்போய், கைகள் விறைக்க ஓரத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும் அம்மா நான். ஹாக்கி கற்றதே அப்படித்தான்.

அந்த அடிபட்ட கதையை எல்லோரும் "துரதிர்ஷ்டம்" என்று ஒரு வார்த்தையில் கடந்து போகிறீர்கள். எனக்கு அது அப்படித் தெரியவில்லை. 2011 புத்தாண்டன்று திறந்தவெளி ஆட்டம், அதுவும் வாஷிங்டனுக்கு எதிராகவே. ஸ்டெக்கல் தோள் கிராஸ்பியின் தலையில் பட்டது. தடுமாறி எழுந்தார். ஆட்டத்தைத் தொடர்ந்தார். நான்கு நாள் கழித்து அடுத்த ஆட்டத்திலும் இறக்கினார்கள். டாம்பாவின் ஹெட்மன் பலகையில் தள்ள, அன்றோடு சீசன் முடிந்தது. அந்த முதல் அடிக்குப் பிறகு அவரை உட்காரவைத்திருந்தால்? இன்று என் மகனின் சிறுவர் அணியில்கூடத் தலையில் தட்டினால் உடனே வெளியே கூட்டிவிடுகிறார்கள்.

இன்னொரு கசப்பான விஷயம். தலையைக் குறிவைத்து பக்கவாட்டிலிருந்து இடிப்பதைத் தடுக்கும் விதி 2010-இல்தான் வந்தது. அதற்குக் காரணமான அடி, பாஸ்டனின் சாவார்ட் மீது விழுந்தது. அடித்தவர் மேட் குக், கிராஸ்பியின் சொந்த அணிக்காரர்.

ஆக, அந்த 41 ஆட்டத்தோடு அவர் உச்சம் நின்றதற்கு அவர் உடம்பு மட்டும் காரணமில்லை. அந்தக் கால ஹாக்கியின் அலட்சியமும் சேர்ந்துதான் அதைத் தின்றது. இடதுவட்டம் தம்பி "நீடிக்கவில்லை" என்று அதை கிராஸ்பி கணக்கில் குறையாக எழுதுவது எனக்கு ஒப்பவில்லை.

இடதுவட்டம்

அக்கா, நீங்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஸ்டெக்கல் எங்கள் ஆள், அந்த அடியைப் பற்றி நான் என்ன சொன்னாலும் தப்பாகப் போகும்.

ஆனால் குறை சொல்வது வேறு, இல்லாததைக் கூட்டுவது வேறு. அவர்மீது பழி இல்லை. அதற்காக ஆடாத 41 ஆட்டத்துக்கு 32 கோல் எழுதிக்கொடுக்க முடியுமா? 25 ஆட்டத்துக்கு ஓடிய சூடு 82-க்கும் ஓடும் என்று யார் உத்தரவாதம் தருவது? ஜனவரி, பிப்ரவரி வந்தால் எல்லோருக்கும் கால் கனக்கும். 2009-10-இல் ஒவெச்கினும் 72 ஆட்டத்தில் 50 கோல், 109 புள்ளி. கிராஸ்பி அதே 109-ஐ எடுக்க 81 ஆட்டம் ஆனது.

மூன்றாம் வரிசை

நான் இருவர் கட்சியும் இல்லை. டொராண்டோ லீஃப்ஸ் ரசிகன், எனக்கு வேறு துக்கங்கள் இருக்கின்றன. அதனால் தைரியமாகப் பேசலாம்.

வீத ஒப்பீட்டில் ஒரு நேர்மைக் கேள்வி உண்டு. ஒவெச்கினின் அந்த மூன்று சீசன்களில் கிராஸ்பி என்ன செய்தார்? 211 ஆட்டத்தில் 284 புள்ளி, 1.35. நல்லதுதான், ஆனால் பின்னால். கிராஸ்பியின் மூன்று சீசன்களில் ஒவெச்கின்? 85, 65, 56 புள்ளி. 2011-12-இல் டேல் ஹன்டர் பயிற்சியாளராக வந்து, பிளேஆஃபில் ரேஞ்சர்ஸுக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் அவரைப் பதின்மூன்றரை நிமிடம்தான் ஆடவிட்டார். ஒவெச்கினை! அதனால்தான் இந்த இழை முடியாமல் ஓடுகிறது. ஒருவர் இறங்கும்போதுதான் மற்றவர் ஏறினார். இரண்டு உச்சமும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டது கிட்டத்தட்ட ஒரே ஒரு முறை.

அது 2009 வசந்தம், பிளேஆஃப் இரண்டாம் சுற்று, ஏழு ஆட்டம். ஒவெச்கின் 8 கோல், 14 புள்ளி. கிராஸ்பி 8 கோல், 13 புள்ளி. இரண்டாவது ஆட்டத்தில் ஆளுக்கு மூன்று கோல், வாஷிங்டன் 4-3. ஒருவர் மூன்று கோல் அடித்தால் ரசிகர்கள் தொப்பியை உள்ளே எறிவது வழக்கம். ஒவெச்கினின் மூன்றாவது கோலுக்குத் தொப்பி மழை கொட்டியது, கிராஸ்பி நடுவரிடம் போய் "போதும், நிறுத்தச் சொல்லுங்கள்" என்கிற மாதிரி முறையிட்டது இன்னும் நினைவிருக்கிறது. அதற்காகவே பலர் அவரை வெறுத்தார்கள். ஏழாவது ஆட்டத்தில் தொடக்கத்திலேயே ஒவெச்கின் தனியாகப் போனார், பென்குவின்ஸ் கோலி ஃப்ளூரி கையுறையில் பிடித்தார். அந்த ஒரு பிடி. பிறகு 6-2. பென்குவின்ஸ் அந்த வருடம் ஸ்டான்லி கோப்பையையும் தூக்கினார்கள்.

அப்படியானால் அந்தத் தொடரில் யார் மேல்? புள்ளியில் ஒவெச்கின், கையில் கோப்பை கிராஸ்பிக்கு. ஃப்ளூரியின் கையுறையை யார் கணக்கில் சேர்ப்பது?

பனித்தரை

மூன்றாம் வரிசை, அந்த 13-14-ஐ மறந்தே போயிருந்தேன். என் நினைவில் கிராஸ்பி அந்தத் தொடரைத் தனியாளாக வென்ற மாதிரி பதிந்திருக்கிறது. வெற்றி பெற்றவன் பக்கம் நினைவும் சாய்ந்துவிடும் போல.

வான்கூவர் ஒலிம்பிக்கும் அப்படித்தான். 2010 பிப்ரவரி 28, இறுதி ஆட்டம். நான் வேலைக்குப் போகிற வழியில் ஒரு டோனட் கடையில் நின்று பார்த்தேன், வேலைக்குப் போகவில்லை. ஓவர்டைம், கிராஸ்பி "இகி!" என்று கத்துகிறார், இகின்லா விழுந்துகொண்டே கொடுக்கிறார், அமெரிக்க கோலி மில்லரின் கால்களுக்கிடையே பக். கடையில் முன்பின் தெரியாத ஒரு தாத்தா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். கால் இறுதியில் கனடா 7-3 என்று ரஷ்யாவை அனுப்பியிருந்தது வேறு. அந்த ஒரு கோலுக்குப் பிறகு இந்தக் கனடாவில் ஒவெச்கின் வழக்கை யாரும் காதுகொடுத்துக் கேட்கவே இல்லை. நான் உட்பட.

மூன்றாம் வரிசை

சரி, அப்படியென்றால் கோப்பையையும் பதக்கத்தையும் ஓரமாக வையுங்கள். 2012-13-க்கு வருகிறேன், இந்த வழக்குக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. நிர்வாகமும் ஆட்டக்காரர்களும் மோதியதில் 48 ஆட்டமாகச் சுருங்கிய சீசன். மார்ச் 30 அன்று சொந்த அணியின் ஓர்பிக் அடித்த பக் பட்டு கிராஸ்பிக்குத் தாடை உடைந்தது. கடைசி 12 ஆட்டம் இல்லை. சீசன் முடிவில் புள்ளிப் பட்டியலைப் பாருங்கள்:

ஒவெச்கின், 48 ஆட்டம், 56 புள்ளி.
கிராஸ்பி, 36 ஆட்டம், 56 புள்ளி.

டாம்பாவின் செயின்ட் லூயி 60 எடுத்து ஆர்ட் ராஸை வாங்கினார். சீசன் நெடுகப் பத்திரிகைக்காரர்கள் எழுதியதெல்லாம் கிராஸ்பியைப் பற்றி. ஆனால் ஹார்ட் விருதுக்கு வாக்களிக்கும்போது அவர்கள் ஒவெச்கினைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆட்டக்காரர்கள் வாக்களிக்கும் லின்ட்சே விருது (பழைய பியர்சன்தான்) கிராஸ்பிக்கு. ஒரே சீசன், ஒரே இரண்டு பேர், ஒரே கேள்வி. வெளியே இருந்து பார்த்தவர்கள் "கடைசிவரை நின்றவன்" என்றார்கள். எதிரில் நின்று ஆடியவர்கள் "இவனைத்தான் சமாளிக்க முடியவில்லை" என்றார்கள்.

(அதே வருடம் ஒவெச்கின் ரைட் விங்குக்கு மாறியது தெரியாமல் சிலர் பழைய இடத்துக்கே வாக்குப் போட, அவர் வலதுபக்கம் முதல் அணியிலும் இடதுபக்கம் இரண்டாம் அணியிலும் ஆல்-ஸ்டாராக வந்தார். பத்திரிகைக்காரர்கள் எவ்வளவு உன்னிப்பாகப் பார்த்தார்கள் என்பதற்கு இதுவும் சாட்சி.)

இடதுவட்டம்

அந்த அடைப்புக்குறி விஷயத்தை நீங்கள் எடுப்பீர்கள் என்று பயந்துகொண்டே படித்தேன் :)

ஆட்டக்காரர்கள் வாக்குதான் அளவுகோல் என்றால் எனக்குச் சம்மதம். ஏனென்றால் 2008, 2009, 2010 என்று மூன்று வருடம் தொடர்ந்து அதை வாங்கியவர் ஒவெச்கின். 2010-இல் பத்திரிகைக்காரர்கள் ஹார்ட் விருதை ஹென்ரிக் செடினுக்குக் கொடுத்தபோதும் எதிரில் நின்று ஆடியவர்கள் எங்கள் ஆளைத்தான் சொன்னார்கள். கிராஸ்பிக்கும் மூன்று உண்டு, 2007, 2013, 2014. ஆனால் தொடர்ந்து மூன்று இல்லை.

பனித்தரை

2011-இல் ஜனவரியோடு நிற்காமல் இருந்திருந்தால்...

இடதுவட்டம்

இலை போடாதீர்கள் அண்ணா!

கோலிக்காரன்

இருவருக்கும் ஒரே கேள்வி. நாளை ஏழாவது ஆட்டம், எல்லாம் அதில்தான். 2008 ஜனவரி ஒவெச்கினா, 2010 டிசம்பர் கிராஸ்பியா, யாரை இறக்குவீர்கள்? யோசிக்காமல் சொல்லுங்கள்.

பனித்தரை

கிராஸ்பி. ஆனால் மூன்று வருடத்துக்கு அணியைக் கட்டித் தரச்சொன்னால், இந்த இழையைத் தொடங்கிய அன்று சொல்லியிருக்கமாட்டேன், இன்று ஒவெச்கின் என்பேன். 233 ஆட்டம் என்ற எண் முதலில் எனக்குச் சாதாரணமாகத் தெரிந்தது. இப்போது தெரியவில்லை.

இடதுவட்டம்

ஒரு ஆட்டம் என்றால்... கிராஸ்பி. இதை யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து எங்கள் வாஷிங்டன் ரசிகர் குழுவில் போட்டால் நான் எழுதவே இல்லை என்று சொல்லிவிடுவேன்.

கோவில்பட்டிக்காரன்

நேற்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து காணொளிகளைப் பார்த்துவிட்டேன். கிராஸ்பி பலகையோரம் முதுகைக் காட்டிச் சுற்றுவது அழகு, சந்தேகமே இல்லை. ஆனால் அந்த முதுகில் படுத்துக்கொண்டு அடித்த கோலை ஏழு முறை பார்த்தேன். நாங்கள் சின்ன வயதில் ஆடிய சரளைத் தரையில் அப்படிச் சறுக்கினால் கோல் விழுந்திருக்கும், முதுகுத் தோல் திரும்பி வந்திருக்காது.

இவர்கள் இரண்டு பேரும் அடுத்து மோதும்போது இந்திய நேரம் சொல்லுங்கள். அலாரம் வைக்கிறேன்.

பனித்தரை

இங்கே இரவு ஏழு மணி ஆட்டம் என்றால் உங்களுக்கு மறுநாள் காலை ஐந்தரை ஐயா. மார்ச்சில் நாங்கள் கடிகாரத்தை மாற்றியபிறகு நாலரை. பால்காரர் வருவதற்குள் முதல் பீரியட் முடிந்துவிடும்.